ஹொஃப்னர் பேஸ்: விளையாட்டுச் சாமானா, வாத்தியமா?

2024 பெப்ரவரி மாதம். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தால் பழைய கூட்டாளி. எங்கள் இசைக்குழுவில் அவன்தான் பேஸ் கிற்றார் வாசிப்பவன். அவன் வராத நாட்களில் நான். சுகம் விசாரிக்கவில்லை, பிள்ளைகளைப் பற்றியும் கேட்கவில்லை.

"மச்சான், செய்தி பாத்தியோ? போல் மக்கார்ட்னியின்ர களவுபோன பேஸ் அம்பத்தொரு வருசத்துக்குப் பிறகு கிடைச்சிட்டுதாம். உந்த விளையாட்டுச் சாமானுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் இடையில் முப்பது வருடமாக நடக்கும் சண்டை இது. இடையில் கல்யாணங்கள் நடந்தன, செத்தவீடுகள் நடந்தன, ஊரில் யுத்தமும் முடிந்தது. இந்தச் சண்டை மட்டும் முடியவில்லை. அன்றைக்கும் ஒரு மணித்தியாலம் பிடித்தோம். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

சரி, இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று ஒருமுறை ஒழுங்காக எழுதிவைப்போம் என்று நினைத்தேன். வாத்தியம் வாசிக்காதவர்களும் பயப்படாமல் வாசிக்கலாம். இதில் கிற்றார் பாதி, ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் கதை பாதி.

*

முதலில் பேஸ் கிற்றார் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வரும்போது பாடகருக்குப் பின்னால், ட்ரம்ஸ்காரருக்குப் பக்கத்தில், நீளமான கழுத்துள்ள கிற்றாரோடு ஒருவர் அசையாமல் நிற்பார். நாலு கம்பிதான். அவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கையை நிறுத்தினால் பாட்டு நிலத்தை விட்டு மேலே மிதப்பதுபோல இருக்கும். இளையராஜாவின் பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. பாடகர் ஒரு வழியில் போக, அடியில் இன்னொரு பாட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் பேஸ்.

முன்பெல்லாம் இந்த வேலையைச் செய்தது ஆளுயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸ். வயலினின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது, காருக்குள் வைக்க முடியாது. பக்கத்தில் ட்ரம்ஸும் எக்காளமும் சேர்ந்தால் அதன் சத்தம் கேட்கவும் மாட்டாது. 1930களின் நடுப்பகுதியிலேயே அமெரிக்காவின் சியாற்றில் நகரில் போல் ருட்மார்க் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் சின்ன பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது எடுபடவில்லை.

எடுபட்டது 1951இல். கலிபோர்னியாவில் லியோ ஃபென்டர் செய்த பிரிசிஷன் பேஸ். ஃபென்டர் ரேடியோ திருத்துபவர். கிற்றார் வாசிக்கவே தெரியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்தது வாத்தியம் என்பதைவிட ஒரு நல்ல கருவி. உள்ளே வெற்றிடம் இல்லாத தடித்த பலகை. அதில் மேப்பிள் மரக் கழுத்து, பசை இல்லாமல் நாலு திருகாணியால் பூட்டியது. கழுத்து பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 86 சென்ரிமீற்றர். வீணைக்கு மெட்டு வைப்பதுபோல இதற்கும் வரிசையாக ஃபிரெற் வைத்திருந்தபடியால் சுருதி பிசகாது. அதனால்தான் "பிரிசிஷன்" என்று பெயர்.

அப்போதே சண்டை தொடங்கிவிட்டது. டபிள் பேஸ் வாசித்தவர்களில் பலர் இதை வாத்தியமாகவே ஏற்கவில்லை. ஜாஸ் உலகில் லயனல் ஹாம்ப்டனின் குழுவில் மொங்க் மொன்கொமெரி என்பவர் 1950களின் தொடக்கத்தில் இதை மேடையில் வாசித்தபோது, பார்த்தவர்களுக்கு அது பேஸ் இல்லாத மேடைபோலத் தெரிந்தது. பேஸ் சத்தம் வருகிறது, பேஸைக் காணவில்லை! அவருக்கே முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு அதையே தன் வாத்தியமாக்கிக்கொண்டார்.

ஆக, பலகைக்கு எதிராக ஒரு கட்சி, பலகைக்குச் சார்பாக ஒரு கட்சி. இது எங்கள் சண்டையின் தாத்தா.

*

இனி ஜேர்மனிக்கு வருவோம். நான் 1985இல் வந்தேன். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு வழி தெரியும்: விமானத்தில் கிழக்கு பேர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லின். பிறகு என்னைப் பயெர்ன் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். சிர்ன்டோர்ஃப் முகாம், விசாரணை, காத்திருப்பு. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். காகிதங்கள் கையில் கிடைத்த பிறகு, 1991இல், நூர்ன்பேர்க் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலை கிடைத்தது.

அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் வேலை செய்தார். ஐம்பது வயது தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். பெட்டிக்கு ஒட்டும் பட்டியை அவர் ஒட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. நாங்கள் இருபது பெட்டி முடிக்கும் நேரத்தில் அவர் பதினைந்துதான் முடிப்பார். ஆனால் அவருடைய பதினைந்தில் ஒன்றும் திரும்பி வராது.

ஒருநாள் மதிய இடைவேளையில் ரேடியோவில் பீற்றில்ஸ் பாட்டுப் போனது. நான் அப்போதுதான் கூட்டாளியோடு சேர்ந்து இசைக்குழு தொடங்கிய உற்சாகத்தில் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அரைகுறை டொச்சில் சொன்னேன்: "இந்த ஆள் வாசிக்கிற பேஸ் இருக்கே, வயலின் மாதிரி, அது ஸ்பீல்சொய்க்." ஸ்பீல்சொய்க் என்றால் விளையாட்டுச் சாமான். கூட்டாளி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அதுவரை நான் அந்த வாத்தியத்தைக் கையில் தொட்டதும் இல்லை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பாணை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் மற்றொரு வேலையாள் என்னிடம் சொன்னான்: "நீ நேற்று யாரிடம் என்ன சொன்னாய் என்று தெரியுமா? அவர் பல வருடம் அந்த பேஸைத்தான் ஒட்டினவர்."

*

அந்த வாத்தியத்தின் பெயர் ஹொஃப்னர் 500/1. அதன் கதை கிற்றாரில் தொடங்கவில்லை.

செக் நாட்டின் மேற்கு மூலையில், ஜேர்மன் எல்லைக்குக் கிட்ட, லூபி என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. முன்பு அதன் பெயர் ஷோன்பாக். அங்கே இருந்தவர்கள் டொச் பேசுபவர்கள். பரம்பரை பரம்பரையாக வயலின் செய்வது அவர்கள் தொழில். வீட்டுக்கு வீடு வேலை பிரிந்திருக்கும். ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் உடல், இன்னொரு வீட்டில் வில். எங்கள் ஊரில் சில குறிச்சிகளில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்பதுபோல அங்கே உளிச் சத்தம். கார்ள் ஹொஃப்னர் என்பவர் 1887இல் அங்கே தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு மகன்மார் யோசஃப், வால்ற்றர் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

1945இல் யுத்தம் முடிந்தது. செக்கோஸ்லோவாக்கியா அங்கிருந்த டொச்காரர்களை வெளியேற்றியது. ஏறத்தாழ முப்பது லட்சம் பேர். ஆளுக்கு 30 முதல் 50 கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம். வீடு, காணி, பட்டறை எல்லாம் அங்கேயே.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 1938இல் ஹிட்லர் அந்தப் பகுதியை ஜேர்மனியோடு சேர்த்தபோது அங்கிருந்த டொச்காரர்களில் பெரும்பகுதியினர் அதை வரவேற்றார்கள். பிறகு செக் மக்கள் பட்ட கொடுமையும் கொஞ்சமல்ல. அவர்களும் நாங்களும் ஒன்று என்று சமன்பாடு போட நான் வரவில்லை. ஆனால் 1946இல் ஒன்பது வயதுப் பையனாக ரயிலில் ஏற்றப்பட்ட ஒருவருக்கு அந்தக் கணக்கில் என்ன பங்கு? எங்கள் களஞ்சியத்துப் பெரியவர் அப்படி வந்தவர்தான்.

ஷோன்பாக் ஆட்கள் பயெர்னில் பல இடங்களில் சிதறினார்கள். அவர்களில் ஃபிரெட் வில்ஃபர் என்பவர் 1946இலேயே ஏர்லாங்கன் நகரில் ஃபிராமுஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சிதறிய கைவினைஞர்களை ஒரே இடத்தில் சேர்க்க ஓடித்திரிந்தார். கடைசியில் ஏர்லாங்கனுக்குப் பக்கத்தில் பூபென்ரொய்த் என்ற விவசாயக் கிராமம் அவர்களை ஏற்றுக்கொண்டது. சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த ஊர் அது. வந்தவர்களோ அவர்களைவிடப் பல மடங்கு. 1949இல் அவர்களுக்கான குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதற்கு "வயலின் செய்பவர்களின் குடியிருப்பு" என்றுதான் பெயர். ஹொஃப்னர் சகோதரர்களும் அங்கே தொழிற்சாலை கட்டினார்கள்.

வாத்தியம் செய்பவர்கள் வந்தார்கள், ஆனால் ஊரில் காசு இல்லை. ஜேர்மனியே இடிந்து கிடந்தது. இளைஞர்கள் கேட்பது வயலின் அல்ல, கிற்றார். அதனால் வயலின் செய்த கைகள் கிற்றார் செய்யத் தொடங்கின.

*

1955இல் வால்ற்றர் ஹொஃப்னர் மின்சார பேஸ் ஒன்று செய்ய யோசித்தார். அமெரிக்காவில் ஃபென்டர் பலகையை வெட்டித் திருகாணி போட்டு வழிகாட்டியாகிவிட்டது. வால்ற்றர் அந்த வழியில் போகவில்லை. வயலின் வடிவத்தில், உள்ளே வெறுமையாக, மேல்பலகை ஸ்புரூஸ், பின்னும் பக்கங்களும் மேப்பிள். வயலினுக்கு எந்த மரமோ அதே மரம். கழுத்தையும் திருகாணி இல்லாமல் ஒட்டித்தான் விட்டார். 1956இல் ஃபிராங்பேர்ட் இசைக் கண்காட்சியில் அது வெளியே வந்தது. அமெரிக்காவில் கிப்சன் நிறுவனமும் 1953இல் வயலின் வடிவத்தில் ஒரு பேஸ் விட்டிருந்தது. ஆனால் அதன் உள்ளே வெற்றிடம் இல்லை, முழு மரம். வெளித்தோற்றம் மட்டும்தான் வயலின். ஹொஃப்னரில் உள்ளேயும் வயலின்.

கம்பியின் நீளம் 30 அங்குலம், 76 சென்ரிமீற்றர். ஃபென்டரைவிடப் பத்து சென்ரிமீற்றர் குறைவு. பாரம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஃபென்டர் பேஸ் நாலு கிலோ வரும்.

இந்த மூன்றிலிருந்துதான், அதாவது வெறுமை, நீளம், பாரம், எல்லாச் சண்டையும் பிறக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

தடித்த பலகையில் கட்டிய கம்பியைத் தட்டினால் அதன் அதிர்வை மரம் அதிகம் வாங்காது. கம்பியிலேயே நிற்கும். அதனால் நாதம் நீளமாக, ஒரே சீராக ஓடும். வெற்றுடலில் கட்டிய கம்பியைத் தட்டினால் மரமும் சேர்ந்து அதிரும். நாதம் சட்டென்று மலர்ந்து சட்டென்று அடங்கும். டபிள் பேஸைப் போல "தும்" என்று விழுந்து போய்விடும். அடுத்தது, கம்பி குறுகினால் இழுவிசை குறையும். கைக்குச் சுகம். ஆனால் மிகத் தடித்த கம்பியின் ஓசை தெளிவு குறைந்து கொழகொழக்கும். மூன்றாவது, குதிரை. ஹொஃப்னரின் குதிரை வயலினில் போல ஒட்டாமல் கம்பியின் அழுத்தத்தில் நிற்கும் மரத்துண்டு. ஃபென்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகச் சுருதி திருத்த வழி உண்டு. இதில் அந்த அளவுக்கு இல்லை. கழுத்தில் மேலே போகப் போகச் சுருதி பிசகும் என்பது இதைப் பற்றிய பழைய முறைப்பாடு.

இதெல்லாம் குறையா, குணமா? அங்கேதான் வாசிப்பவர்கள் பிரிகிறார்கள்.

*

1961இல் பீற்றில்ஸ் ஹம்பேர்க் நகர விடுதிகளில் வாசித்துத் திரிந்த காலம். அவர்களுடைய பேஸ்காரர் ஸ்ரூவேர்ட் சட்கிளிஃப் விலகியதும் அந்த வேலை மக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. அவர் ஹம்பேர்க்கிலேயே ஒரு ஹொஃப்னரை வாங்கினார். விலை ஏறத்தாழ 30 பவுண். ஃபென்டர் வாங்க 100 பவுண் வரை வேண்டும், கடன்பட விருப்பமில்லை என்று பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு காரணம், அவர் இடதுகைக்காரர். மற்ற கிற்றார்களைத் திருப்பிப் பிடித்தால் கோணலாகத் தெரியும். வயலின் வடிவம் இரண்டு பக்கமும் ஒன்று, திருப்பினாலும் அழகு கெடாது.

பாருங்கள், சத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை! காசும் தோற்றமும். உலகத்தின் மிகப் பிரபலமான பேஸ் இப்படித்தான் தெரிவானது.

1963இல் இரண்டாவது ஹொஃப்னர் ஒன்று அவர் கைக்கு வந்தது. 1965இல் அமெரிக்காவின் ரிக்கன்பாக்கர் நிறுவனம் அவருக்கு 4001எஸ் என்ற முழுமர பேஸைக் கொடுத்தது. கழுத்து உடலுக்குள்ளால் ஊடுருவிப் போகும் கட்டு, சுருதி சுத்தம். ரப்பர் சோல் காலத்திலிருந்து பதிவறையில் பெரும்பாலும் அதுதான். எதிர்க்கட்சிக்காரர் உடனே சொல்வார்கள்: "பாத்தியா, காசு வந்ததும் அவரே அதைத் தள்ளி வைச்சிட்டார்!"

ஆனால் 1969 ஜனவரி 30ஆம் திகதி லண்டனில் மொட்டை மாடியில் நடந்த அந்தக் கடைசி நிகழ்ச்சியில் அவர் தோளில் இருந்தது ஹொஃப்னர். 1980களின் இறுதியில் பாடகர் எல்விஸ் கொஸ்ரெலோ அவரோடு சேர்ந்து வேலை செய்தபோது அந்தப் பழைய பேஸை எடுங்கள் என்று கேட்டார். 1989இல் வந்த ஃபிளவர்ஸ் இன் த டேர்ட் இசைத்தட்டில் அது திரும்பி வந்தது. அதன்பிறகு மேடையில் அவரை அது இல்லாமல் பார்ப்பது அரிது. பாரம் இல்லாதபடியால் சாதாரணக் கிற்றார் மாதிரி விரல்கள் ஓடுகின்றன என்பது அவர் சொல்லும் காரணம். பாரமான பேஸில் யோசிக்காத சின்னச் சின்ன மெட்டுக்கள் இதில் தானாக வருமாம்.

ஒரே ஆள், ஒரே வாத்தியம், ஆனால் மூன்று காலத்தில் மூன்று அபிப்பிராயம்.

*

என் கூட்டாளியின் கட்சியை நான் குறைத்து எழுதக்கூடாது. அவன் சொல்வதில் நியாயம் உண்டு.

அவனுடைய பேஸ் ஒரு வார்விக். 1993இல் பழையதாக வாங்கியது. கடினமான மரம், நல்ல பாரம். தட்டினால் உறுமும். அவன் சொல்வான்: "மச்சான், ஊரில என்னட்ட இருந்த கிற்றார் இடம்பெயரேக்க உடைஞ்சது. ஒட்டிப் பாத்தன், திரும்ப உடைஞ்சது. எனக்கு விழுந்தாலும் உடையாத சாமான் வேணும். சத்தம் பேந்து." ஃபென்டர் என்ற ரேடியோ திருத்துனர் நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். மேடையில் விழும், வானில் உருளும், மழையில் நனையும். அப்படியும் அடுத்த நாள் வேலை செய்ய வேண்டும்.

சத்தத்திலும் அவனுக்கு வாதம் உண்டு. த ஹூ குழுவின் ஜோன் என்ற்விசில் 1960களின் நடுப்பகுதியில் சுற்றுக்கம்பி, அதாவது மேற்பரப்பு சொரசொரப்பான கம்பி, போட்டுப் பியானோ போலத் தெளிவாக பேஸை முன்னுக்குக் கொண்டுவந்தார். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பாக்கரில் அதையே தொடர்ந்தார். "பேஸ்காரன் பின்னுக்கு ஒளிஞ்சு நிக்கத் தேவையில்லை எண்டு காட்டினது அவையள். உந்த வெறும் பெட்டியில அது வருமோ?" வராதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவன் கட்சிக்குள்ளேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிசிஷன் பேஸ் வாசித்தவர்களில் பெரிய கை யார் என்று கேட்டால் பலர் சொல்வது ஜேம்ஸ் ஜேமர்சன். டெற்றொயிற் நகரில் மோட்டவுன் பாட்டுக்களுக்கு வாசித்தவர். டபிள் பேஸிலிருந்து வந்தவர், வலதுகையில் ஒரு சுட்டுவிரலால் மட்டும் வாசித்தவர். அவர் தன் 1962ஆம் ஆண்டு ஃபென்டரில் வழவழப்பான தட்டைக்கம்பி போட்டு, அதை மாற்றாமலே பல வருடம் வாசித்தார். குதிரையின் மூடிக்குக் கீழே ஸ்பொஞ்சு இருக்கும். நாதம் நீளமாக ஓடாமல் "தும்" என்று அடங்க வேண்டும் என்பதற்காக! கலிபோர்னியாவில் கரோல் கேய் என்ற பெண்மணியும் கம்பியின் மேல் கம்பளித்துண்டு வைத்து அடக்கித்தான் அத்தனை பதிவுகளுக்கு வாசித்தார்.

இதைக் கூட்டாளியிடம் சொன்னேன்: "ஹொஃப்னரில நாதம் நிக்காது எண்டு குறை சொல்லுறாய். உங்கட பெரிய ஆக்கள் ஸ்பொஞ்சு வைச்சு நாதத்தை நிப்பாட்டினவை. அவை தேடினது வயலின்காரர் செய்த பெட்டிக்குள்ள முதலே இருந்தது."

அவன் சொன்னான்: "ஸ்பொஞ்சை எடுக்கலாம் மச்சான். பெட்டியை என்ன செய்வாய்?"

இதற்கு எனக்கு இன்றைக்கும் சரியான பதில் இல்லை.

*

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நீ வாசித்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கறுத்தப் பெட்டியோடு வேலைக்கு வந்தார். இடைவேளையில் திறந்தார். ஹொஃப்னர். நான் கையில் தூக்கினேன். பாரமான ஒன்றைத் தூக்கத் தயாராக இருந்த கை தானாக மேலே போய்விட்டது. அவ்வளவு இலேசு. அவர் பின்பலகையை விரல் முட்டியால் தட்டினார், பிறகு என்னைத் தட்டச் சொன்னார். மத்தளத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சத்தம். "கேட்டாயா? இதுதான்" என்றார். மின்சாரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அந்தக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நடுவே நான் வாசித்தது எனக்குக் கேட்டது. கூட்டாளியின் பேஸில் அப்படிக் கேட்காது.

அவர் சொன்ன கதையை என் தமிழில் தருகிறேன். பதினாலு வயதில் வேலை பழகப் போனார். பக்கப்பலகைகளை வளைத்து ஒட்டுவது அவர் பங்கு. பழக்கியவர்கள் ஷோன்பாக்கில் வயலின் செய்தவர்கள். "எங்களுக்கு வயலின்தான் தெரியும். பேஸ் செய்யச் சொன்னார்கள். தெரிந்த மாதிரிச் செய்தோம். வேறு எப்படிச் செய்வது?" என்றார். உலகம் முழுவதும் அது பிரபலமாகும் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லையாம். பீற்றில்ஸ் வந்த பிறகு கை ஓயாத வேலை. பிறகு நாகரிகம் மாறியது, வேலை குறைந்தது, அவரும் வேறு வேலை தேடினார்.

அந்த பேஸை ஒரு மாதம் எனக்கு இரவல் தந்தார். ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். முதல் பாட்டிலேயே ஊளையிட்டது. வெற்றுடல் வாத்தியத்தோடு ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் நிற்கக்கூடாது என்ற பாலபாடம் எனக்குத் தெரியாது. முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டாளியின் முகத்தில் இருந்த சந்தோசத்தை இன்னும் மறக்கவில்லை. நான் தள்ளி நின்று சத்தத்தைக் குறைத்த பிறகு சரிவந்தது. பிறகு பழைய பாட்டுக்கள் இரண்டு வாசித்தோம். இறங்கி வந்தபோது ஒரு வயதான அம்மா, "தம்பி, இண்டைக்கு ரேடியோவில கேட்ட மாதிரி இருந்தது" என்றார். அந்த ஒரு சொல்லோடு நான் கட்சி மாறினேன். கூட்டாளி மாறவில்லை.

*

பல வருடம் கழித்து ரயிலில் பூபென்ரொய்த்துக்குப் போய்ப் பார்த்தேன். அமைதியான சின்ன ஊர். ஒழுங்கான வீடுகள், தோட்டங்கள். அங்கே சுற்றித்திரிந்தபோதுதான் இன்னொரு விசயம் தெரிந்தது. ஃபிராமுஸ் தொடங்கிய ஃபிரெட் வில்ஃபரைப் பற்றி மேலே எழுதினேன் அல்லவா? ஃபிராமுஸ் 1970களின் நடுப்பகுதியில் விழுந்துவிட்டது. அவருடைய மகன் ஹான்ஸ் பீற்றர் வில்ஃபர் 1982இல் ஏர்லாங்கனில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அதன் பெயர் வார்விக்.

ஆமாம், என் கூட்டாளியின் வார்விக்! 1990களில் அந்த நிறுவனம் மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊருக்குப் போனது. அதுவும் வயலின் ஊர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கிட்டத்தில்தான் பழைய ஷோன்பாக்.

அன்றிரவே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். உன்னுடைய உறுமும் பாறாங்கல்லும் என்னுடைய வெறும் பெட்டியும் ஒரே ஊர் அகதிகளின் வழியில் வந்தவை. ஒருவர் தெரிந்த வேலையைத் தெரிந்தபடி தொடர்ந்து செய்தார். இன்னொருவரின் மகன் அதே மரத்தறிவை வைத்துக்கொண்டு இனி உடையாத ஒன்றைச் செய்வோம் என்று போனார். இரண்டில் எது சரி?

கூட்டாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப உங்கட கிழவரும் எங்கட ஆள்தான்" என்றான்.

நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். ஒரு பேஸ் நல்லதா கூடாதா என்று பேசுகிறவர்கள் உண்மையில் வேறு ஒன்றைப் பேசுகிறார்கள். பேஸ் முன்னுக்கு நிற்க வேண்டுமா, மற்றவர்களுக்கு இடம்விட்டு அடங்க வேண்டுமா என்று ஒருவர் பேசுகிறார். உடைந்த ஒன்றின் நினைவில் இன்னொருவர் பேசுகிறார். பெரியவருக்கு அது கைப்பழக்கம், தகப்பன் தலைமுறையிடம் வாங்கியது. வாத்தியத்தில் குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொட்டுப் பார்க்காமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை.

*

2024 பெப்ரவரிச் செய்திக்குத் திரும்புகிறேன். மக்கார்ட்னியின் அந்த முதலாவது ஹொஃப்னர் 1972 ஒக்ரோபரில் லண்டன் நொட்டிங் ஹில் பகுதியில் ஒரு வானிலிருந்து களவு போனது. சிலர் சேர்ந்து விடாமல் தேடினார்கள். தெற்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் இருந்து அது வெளியே வந்தது. ஜாஸ் மேதை ஜாக்கோ பஸ்ரோறியஸின் ஃபிரெற் கழற்றிய ஃபென்டரும் 1986இல் களவுபோய் ஏறத்தாழ இருபது வருடம் கழித்துத்தான் தலைகாட்டியது. ஜேமர்சனின் ஃபென்டர் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் களவு போனது. அது திரும்பி வரவில்லை.

அன்றைய தொலைபேசிச் சண்டையின் முடிவில் கூட்டாளி கேட்டான்:

"சரி, உன்ர பெட்டி எவ்வளவு பாரம் எண்டனி?"

"ரண்டு கிலோ சொச்சம்."

"ம்... ஊரில இருந்து வெளிக்கிடேக்க அதெண்டா கொண்டு வந்திருக்கலாம்" என்றான்.

பிறகு வழமைபோல, "ஆனா சத்தம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.